வெள்ளைப் படலம்

பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. இங்கே யாரும் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று அறிய எனக்கு இப்போதைக்கு ஆவலும் இல்லை.

பாப்பாவுக்கு வலது கை வெந்துவிட்டது. விரல்களிலிருந்து முழங்கை வரைக்கும். போன வாரம் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள். கேஸ் ட்யூப் கீறியிருந்த இடத்தில் நீங்கள் டேப் சுற்றி வைத்திருந்தீர்களே, அது விட்டுப்போய் உள்ளே கேஸ் கசிந்து நின்றிருக்கிறது. குப்பென்று பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு டிரைவர் ஓடிவந்து சிலிண்டரை மூடி, அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போயிருக்கிறார். முகம் தப்பியது அந்தப் புண்ணியவானால்.

புது ட்யூப் மாட்டுங்கள் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? "மலைக்குப் போறதுக்குள்ள மாத்திடுறேன் மாமா" என்று தலையைத் தலையை ஆட்டினீர்கள். மெக்கானிக் வீட்டில் அடுப்பு வெடித்தது என்று தெருவே பேசுகிறது. அவள் அம்மா இதையெல்லாம் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள், கொடுத்து வைத்தவள்.

அவளை நாலு வீடு தள்ளி என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். "கை பொழைச்சுக்கும். ஆனா புண்ணுல கிருமி ஏறாம பாத்துக்கணும், ஏறிட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார் டாக்டரம்மா. சட்டைக் கம்பெனியில் அவளைப்போலக் காலர் தைக்க ஆள் இல்லை என்று சூப்பர்வைசரே வந்து பார்த்துவிட்டு, அவள் மெஷினில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கை போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் கடையில் அதைக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். தினமும் கட்டைப் பிரித்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, முந்தின நாள் பூசியதை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமாம். வீட்டுக்கு நர்ஸை அனுப்பட்டுமா என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். மேஜை, நாற்காலி, கதவு என்று ஆயுள் முழுக்கப் பாலிஷ் போட்டவன் நான். பூசுவதற்கு எனக்கு இன்னொருத்தி வந்து சொல்லித் தர வேண்டுமா?

அவள் உங்களுக்கு எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டியவனுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று நானாக எழுதுகிறேன்.

அவளுடைய அப்பா


பிப்ரவரி 14

மாமா,

உங்கள் கடிதம் அரிசி மூட்டைக்கு அடியில் கிடந்து வந்தது. முதல் பாராவைப் படித்ததும் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். இரண்டாவது பாராவைப் படிக்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தாமல் எழுந்து வெளியே போய்விட்டேன் என்று ஃபோர்மேன் திட்டினார். அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும்.

நான்தான் மாமா. மறுக்கவில்லை. இங்கே சுரங்கத்தில் துளை போடுகிற மெஷினுக்குக் காற்றுக்குழாய் கீறினால் அவசரத்துக்கு டேப் சுற்றி ஓட்டுவோம், ஷிஃப்ட் முடிந்ததும் மாற்றிவிடுவோம். அதே புத்தியில் வீட்டிலும் சுற்றினேன். வீட்டில் ஷிஃப்ட் முடியவே இல்லை.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். மண்சரிவில் மலைப்பாதை அடித்துக்கொண்டு போய்விட்டது, போன் கோபுரமும் அதோடு சரி. அடிவாரத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் ஒரு தொட்டியில்தான் சாமானும் தபாலும் மேலே வருகின்றன. ஆள் ஏறக் கூடாது. இன்ஜினியரின் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். "வடம் அறுந்துச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் என்னய்யா பதில் சொல்றது?" என்றார். பாதை சரியாக ஏப்ரல் ஆகிவிடும் என்கிறார்கள். நடந்தே இறங்கிவிடலாம் என்று ஒருநாள் காலையில் கிளம்பினேன். பாதி தூரத்தில் பாதையே இல்லை, கீழே ஆறுதான் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

அந்த ஜெல்லின் பேரை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே ஒரு கம்பவுண்டர் இருக்கிறார், பழைய ஆஸ்பத்திரி ஆள், வெடி வேலையில் வெந்த கைகளை நிறையப் பார்த்தவர். இப்போது மலைக்கு அந்தப் பக்க முகாமில் இருக்கிறார், வந்ததும் கேட்கிறேன். வலிக்கிறதா அவளுக்கு? தூங்குகிறாளா? இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

என்னைத் திட்டுங்கள். ஆனால் எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

உங்கள் மருமகன்


பிப்ரவரி 24

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினீர்கள் என்ற இடம் வந்ததும் மனசு கேட்கவில்லை, சத்தமாகப் படித்தேன். முழுவதும் கேட்டாள். அப்புறம், "கிறுக்கு. அந்தக் குளிர்ல காதைக்கூட மூடாமத்தான் போயிருக்கும்" என்றாள். திட்டுதான், ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி நல்ல சேதி. முதல் நாட்கள் பெரும்பாடு. கட்டைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றினாலே துடிப்பாள். பழைய ஜெல்லை வழித்தெடுக்கும்போது வாயில் துணியை வைத்துக் கடித்துக்கொள்வாள், தெருவுக்குக் கேட்கக் கூடாதாம். "போதும்பா, விட்ருப்பா" என்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வழிப்பேன். ஒருநாள் அவள் மயங்கியே விட்டாள். மரத்தை எப்படித் தேய்த்தாலும் அது கத்தாது மாப்பிள்ளை, அந்தப் பழக்கம்தான் எனக்கு.

போன வாரம் கட்டைப் பிரித்தால், புண்ணின் மேல் வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு படலம் கட்டியிருக்கிறது! நடு முன்கையில் ஆரம்பித்து நாலா பக்கமும் ஓடியிருக்கிறது. படலம் என்றால் என்ன என்று என்னிடம் கேளுங்கள். மேலே படலம் கட்டிவிட்டால் மரம் பிழைத்தது, அதற்கப்புறம் தண்ணீர் ஏறாது, பூச்சி ஏறாது. அதில் நகம்கூடப் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுத் தோல் வந்துவிட்டது என்று அவளிடம் காட்டினேன். அவள் அழுதாள், நானும்தான்.

அன்றிலிருந்து வழித்தெடுப்பதை நிறுத்திவிட்டேன். படலத்தின் மேலேயே ஜெல்லை மெதுவாக ஒரு கை பூசிக் கட்டிவிடுகிறேன். கத்தல் இல்லை, கடித்தல் இல்லை. இடது பக்கம் படுத்து விடிய விடியத் தூங்குகிறாள். டாக்டரம்மா வரச் சொன்ன தேதிக்குப் போகவில்லை. போனால் அந்தக் கட்டு ரூம் நர்ஸ் முரட்டுக் கையால் எல்லாவற்றையும் சுரண்டிவிடுவாள், கட்டிய தோல் போய்விடும். நன்றாகக் காய்ந்து கெட்டிப்படட்டும், ஒரேயடியாகக் கொண்டுபோய்க் காட்டி அந்தம்மா வாயை அடைக்கிறேன்.

ஜெல்லின் பேரைக் கேட்டீர்கள். அட்டையைக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். காதை மூடிக்கொள்ளுங்கள்.

மாமா


மார்ச் 5

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். முகாமில் எல்லோருக்கும் என் கணக்கில் டீ. சமையல்காரர் டீயை மட்டும் கழுநீர் மாதிரிதான் போடுவார், அதையே இன்று எல்லோரும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்கள். ஃபோர்மேன் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

மாமா, உங்கள் கைக்குத் தங்கக் காப்புத்தான் போட வேண்டும். நான் கெடுத்ததை நீங்கள் உட்கார்ந்து சரி செய்திருக்கிறீர்கள். அவள் என்னைக் கிறுக்கு என்று சொன்னதை எழுதியிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் அப்படித்தான் கூப்பிடுவாள், நடுவில் ஏனோ விட்டுவிட்டாள். வந்ததும் முதல் வேலையாக அடுப்பை மாற்றுகிறேன், ட்யூப் மட்டுமல்ல, அடுப்பையே. ஒரு மாதம் லீவு போட்டு அவளைக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்து—

மாமா, கம்பவுண்டர் இப்போதுதான் இந்தப் பக்கம் வந்தார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன், அவரும் சந்தோஷப்படுவார் என்று. படித்துவிட்டு, "படலம் நடுவுலயா மொதல்ல வந்துச்சு? ஓரத்துலயா?" என்று கேட்டார். நடுவில்தான் என்று எழுதியிருக்கிறதே என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அது தோல் இல்லை மாமா. அந்த ஜெல்லும் புண்ணிலிருந்து ஊறுகிற நீரும் சேர்ந்தால் அப்படித்தான் வெள்ளையாகக் கட்டுமாம். பார்த்தால் தோல் மாதிரியே இருக்குமாம், அவரே ஆரம்பத்தில் ஏமாந்திருக்கிறாராம். இத்தனை ஆழமான புண்ணில் புதுத் தோல் ஓரத்திலிருந்துதான் ஊரும், அதுவும் ரோஜா நிறத்தில், மெள்ள மெள்ளத்தான். அந்தப் படலத்துக்கு அடியில் கிருமி உட்கார்ந்தால் மேலே பூசுகிற மருந்து அதைத் தொடவே தொடாது என்கிறார். அதனால்தான் தினமும் வழிக்கச் சொல்வார்களாம்.

இதைப் படித்த உடனே, சாப்பிடக்கூட நிற்காமல், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்களாக வழிக்காதீர்கள், அவர்கள் செய்யட்டும். வலிக்கு ஊசி போட்டுவிட்டே செய்வார்களாம், கேட்டால் போடுவார்களாம். காய்ச்சல் இருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். தொட்டி கிளம்பப் போகிறது, மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. அப்படியே அனுப்புகிறேன். போங்கள் மாமா.


மார்ச் 6

மாப்பிள்ளை,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை, தொட்டியில் சிக்கலோ என்னவோ. இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சுடுகிறது. பருவம் மாறுகிறது, தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். கட்டிலிருந்து ஒரு வாடை வருவதாக அவளைப் பார்க்க வந்த டிரைவரின் சம்சாரம் சொன்னாள். வார்னிஷிலேயே வாழ்ந்து மரத்துப்போன மூக்கு எனக்கு, ஒன்றும் பிடிபடவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஜெல்லைக் கொஞ்சம் தடிப்பாகவே பூசினேன்.

வலி சுத்தமாக இல்லை என்கிறாள். அது எவ்வளவு பெரிய ஆறுதல்! படலமும் அசையாமல் நிற்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன்.

இன்று மத்தியானம் அவளாகவே ஆரம்பித்தாள். "பாதை தொறந்ததும் அவரை வரச் சொல்லி எழுதுப்பா. ட்யூப் கதையை வந்தப்புறம் பேசிக்கலாம். இப்ப சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். அவள் சொன்னது சொன்னபடி எழுதியிருக்கிறேன். எனக்கும் உங்கள்மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது, மீதியை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

மாமா


மார்ச் 18

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து படித்தேன். டிரைவர்தான் வீட்டுக் கதவிடுக்கிலிருந்து எடுத்துவந்து கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தீர்கள், என் கைக்குத் தங்கக் காப்பு என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அதற்கு முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே.

நான் அனுப்பிய கடிதத்துக்கு மறுநாள் அவளுக்குக் குளிர்ஜுரம் வந்து, பேச்சு குழறியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். கட்டு ரூமில் அந்த நர்ஸ், நான் முரட்டுக் கை என்றேனே அவள்தான், ஈரப் பஞ்சை வைத்து ஒரு ஓரத்தைத் தொட்டாள். படலம் முழுதாகக் கழன்று வந்துவிட்டது. அடியில் இருந்ததை நான் பார்த்தேன். எழுதமாட்டேன். விரல்கள் இரண்டு கறுத்திருந்தன. அவளுக்கு வலிக்கவே இல்லை மாப்பிள்ளை, அந்த நிலைமையில்கூட வலிக்கவில்லை. அதைத்தான் நான் ஆறுதல் என்று எழுதினேன். ஊசி, மருந்து என்று சில நாள் போராடிப் பார்த்தார்கள். விஷம் ரத்தத்தில் ஏறுகிறது, கையா உயிரா என்று கேட்டார்கள். நான் புதிதாக எழுதப் பழகுகிறவன் மாதிரி எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

"யாரு கட்டுப் போட்டது?" என்று டாக்டரம்மா கேட்டார். நான்தான் என்றேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

கதவுக்குப் பூசத் தெரிந்தவன் பிள்ளைக்கும் பூசத் தெரியும் என்று நினைத்தேன். அதுகூடப் பொய்தான். வழித்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், படித்துப் படித்துச் சொன்னார்கள். அவள் கத்துவதை என்னால் கேட்க முடியவில்லை, படலம் ஒரு சாக்காக வந்தது, பிடித்துக்கொண்டேன். நர்ஸ் வந்திருந்தால் பாப்பா கத்தியிருப்பாள், கை இருந்திருக்கும்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. காயம் அவ்வளவு ஆழம், அதனால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கண்ணைத் திறந்தால் உங்களைத்தான் சொல்கிறாள். "பத்து நிமிஷ வேலைப்பா, ஒரு ட்யூபை மாத்துறது." இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லிவிடட்டுமா மாப்பிள்ளை? "சொல்லுங்கள்" என்று நீங்கள் எழுதினால் சொல்லிவிடுகிறேன். அவளைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பவில்லை.


மார்ச் 27

மாமா,

நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதில் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாம். மூன்று நாள் உங்கள் கடிதத்துக்குப் பக்கத்திலேயே போகவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. டாக்டர் வரச் சொன்ன தேதிக்குக்கூடப் போகவில்லையே மாமா. ஒரு நாள் போயிருந்தால். சரி, விடுங்கள். டேப் சுற்றியவன் அதைக் கேட்கக் கூடாது.

சொல்லாதீர்கள்.

நான் யோசித்துத்தான் எழுதுகிறேன். இனியும் அவளுக்குத் தினமும் யாராவது கட்டுப் போட வேண்டும். தலை வார, சாப்பிட, குளிக்க ஒரு ஆள் வேண்டும். நான் வந்து சேரும்வரை நீங்கள்தான். இதைச் சொல்லிவிட்டால் நாளைக்கு அந்தக் கையை எப்படி உங்களிடம் நீட்டுவாள்? அம்மாவும் இல்லை, என்னையும் வெறுத்துவிட்டாள். அவளுக்கு நீங்கள் ஒருத்தராவது இருக்க வேண்டும். என்மேல் கோபப்படட்டும், அது எனக்கு வர வேண்டியதுதான், அடுப்பு என்னால்தான் வெடித்தது. அவள் முன்னால் போய் நின்று வாங்கிக்கொள்கிறேன். எத்தனை மாதம் ஆனாலும் சரி, வாசலில் கிடந்தாவது வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதவை மட்டும் அவள் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் என்னைத் திட்டும்போது, "வரட்டும் பாப்பா, வந்து பேசட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும். உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள், எனக்குத் தெரியும். பாதை வேலை முடியப் போகிறது. ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்கு மேல் முதல் லாரியில் இறங்கிவிடுவேன்.

அவளிடம் என்னை விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் மாமா. எனக்கு அவளைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

உங்கள் மருமகன்


ஏப்ரல் 9

மாப்பிள்ளை,

முதலில் அவள் சொல்லச் சொல்ல எழுதியது:

"என்னைப் பாக்க வர வேணாம். நான் அப்பாகூடவே இருந்துக்கறேன். உங்க துணிமணியை டிரைவர் அண்ணன்கிட்ட கொடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கிட்டுப் போங்க. பதில் போட வேணாம்."

எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துக்காட்டச் சொன்னாள். படித்தேன். இடது கையால் கீழே ஒரு கோடு இழுத்தாள், அதுதான் கையெழுத்து. இனி வருவது நான் எழுதுவது, அவள் உள்ளே படுத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. சூப்பர்வைசர் வந்தார். அவளைப் பார்க்காமல் மின்விசிறியையே பார்த்துப் பேசிவிட்டுப் போனார். மெஷினில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்களாம். அது பரவாயில்லை என்று அவளே அவருக்குச் சமாதானம் சொன்னாள். தையல் போட்ட இடத்துக்கு மறுபடியும் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நர்ஸ் வருகிறாள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நர்ஸ் வராத நாளில் நானே கழுவுகிறேன், பழசைத் துளி விடாமல் வழித்தெடுக்கிறேன். கத்துகிறாள். வழிக்கிறேன்.

நேற்று அப்படிக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்டாள். "ஏம்பா, அவரு அந்த ட்யூபை மாத்தியிருந்தா என் கை இருந்திருக்கும்ல?"

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையைச் சொல்ல அதுதான் சமயம். வரட்டும் பாப்பா, வந்து பேசட்டும். வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் யோசிப்பாள், நீங்கள் வருவீர்கள், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவீர்கள். கம்பவுண்டர் என்ன சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று என்றைக்காவது பேச்சுவாக்கில் வரும். நீங்கள் சொல்லமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வரும். அப்புறம் அவள் எழுந்து உங்களோடு போய்விடுவாள், இந்த வாசலைத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

"ஆமாம் பாப்பா" என்றேன்.

"நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்" என்று சொல்லி என் தோளில் சாய்ந்துகொண்டாள். அதற்கப்புறம்தான் கடிதம் எழுதச் சொன்னாள்.

அவளுக்கு நான் ஒருத்தனாவது இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். எனக்கும் அவள் ஒருத்திதான் மாப்பிள்ளை. நீங்கள் சின்ன வயசு. வராதீர்கள்.